வளவில் ஊமைப் படம்: பழைய சிரிப்புக் குறும்படங்களைச் செட்டிநாட்டு வீட்டில் திரையிட ஒரு வழிகாட்டி

சாப்ளின், பஸ்டர் கீட்டன், லாரல்–ஹார்டி நடித்த பழைய ஊமைக் குறும்படங்கள் இணையத்தில் காசில்லாமல் கிடைக்கின்றன. கைபேசியில் தனியாகப் பார்த்தால் ஒரு புன்னகையோடு முடிந்துவிடும். அதே படத்தை வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தில், பெரிய திரை கட்டி, ஆச்சி முதல் பேரப்பிள்ளை வரை ஒன்றாக உட்கார்ந்து பார்த்தால் வயிறு வலிக்கும். ஒருவர் சிரிப்பது பக்கத்தில் இருப்பவரைத் தொற்றும். விழப்போகிறவனுக்குத் தெரியாதது பார்க்கிற நமக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. 'ஐயோ, விழப்போறான்' என்று கூட்டம் மொத்தமும் மூச்சைப் பிடித்துக் காத்திருக்கும் அந்த இரண்டு விநாடிதான் இந்தப் படங்களின் உயிர். அது கூட்டத்தில்தான் கிடைக்கும். வசனம் கிடையாது என்பதால் எழுத்தறியாத அப்பத்தாவும் ஊருக்கு வந்திருக்கிற சிங்கப்பூர்ப் பேத்தியும் ஒரே நேரத்தில் சிரிக்கலாம்.

இதைக் காரைக்குடிப் பக்கத்தில் செய்ய என்னென்ன வேண்டும் என்று ஒரே இடத்தில் சொல்ல ஆள் இல்லை. வீட்டுக்கு ஒருவரிடம், மைக்குக்கு ஒருவரிடம், படத்துக்கு இன்னொருவரிடம் என்று அலைந்துதான் தெரிந்துகொண்டேன். அடுத்தவர் அலைய வேண்டாம் என்பதற்காக எழுதுகிறேன்.

1. முதலில் வீடு, அப்புறம்தான் படம்

செட்டிநாட்டுப் பெரிய வீடு பெரும்பாலும் ஒருவருக்குச் சொந்தமானது இல்லை. பங்காளிகள் நாலு பேர், எட்டுப் பேர், சில வீட்டில் அதற்கு மேலும் இருப்பார்கள். சாவி வைத்திருப்பவர் 'சரி' என்று சொன்னால் போதும் என்று இறங்கிவிடாதீர்கள். சென்னையில் இருக்கும் ஒரு பங்காளிக்குச் சொல்லாமல் விட்டால், திரை கட்டுகிற அன்று காலையில் தொலைபேசி வரும். எல்லாம் நின்றுவிடும்.

எல்லாப் பங்காளிகளுக்கும் ஒரே மாதிரியான கடிதம் ஒன்று அனுப்புங்கள். தேதி, நேரம், எத்தனை பேர் வருவார்கள், வீட்டின் எந்தப் பகுதி தேவை, சுத்தம் செய்து கொடுக்கும் பொறுப்பு யாருடையது ஆகிய ஐந்தும் அதில் இருக்கட்டும். சம்மதத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பினாலும் அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வயதில் மூத்தவருக்கு மட்டும் நேரில் போய்ச் சொல்லுங்கள். கடிதம் கண்டால் வருத்தப்படுகிறவர்கள் நேரில் கேட்டால் ஜமுக்காளமும் எடுத்துக் கொடுப்பார்கள். இந்த வேலைக்கு மூன்று வாரமாவது ஒதுக்குங்கள். மொத்த ஏற்பாட்டிலும் அதிக நாள் பிடிப்பது இதுதான்.

முகப்பு, பட்டாலை என்ற கூடம், வளவு ஆகிய மூன்றும் போதும். பின்னால் இருக்கும் இரண்டாம் கட்டை மூடி வைத்துவிடுங்கள். சாமி அறைப் பக்கம் செருப்பும் மின்கம்பியும் போகாதபடி முன்கூட்டியே தடுப்புக் கட்டுங்கள்.

2. நாள் குறிப்பது

ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். வடகிழக்குப் பருவமழை முற்றத்தில் இறங்கும். தையில் கல்யாணங்கள் வரிசையாக இருக்கும், புரொஜெக்டரும் ஒலிபெருக்கியும் வாடகைக்குக் கிடைப்பது கடினம். படைப்பு (முன்னோருக்குப் படைத்துக் கும்பிடுவது) நடக்கிற வீடாக இருந்தால் அந்த வாரம் பக்கத்திலேயே போகாதீர்கள். மார்கழியில் வரும் பிள்ளையார் நோன்புக்கு வெளியூர்ச் சொந்தங்கள் வருவார்கள். அதற்கு அடுத்த நாள் மாலை நல்ல வாய்ப்பு. பள்ளி விடுமுறைக் காலமான சித்திரை, வைகாசியும் சரிவரும், வெக்கையைப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

முற்றம் திறந்த வெளி என்பதால் இருட்டும் வரை காத்திருக்கத்தான் வேண்டும். மார்கழியில் ஆறு மணியளவில் சூரியன் மறைகிறது, ஆறரைக்குத் தொடங்கலாம். ஆனியில் ஏழேகாலுக்கு முன் படம் வெளுத்துத்தான் தெரியும். எப்படியானாலும் ஒன்பதேகாலுக்குள் முடித்துவிடுங்கள். காரணத்தை நாலாவது பகுதியில் சொல்கிறேன்.

3. எந்தப் படங்கள்

இதில்தான் நிதானம் தேவை. 'சாப்ளின் படம்' என்று கேட்டுக் கைக்குக் கிடைத்ததைப் போடாதீர்கள். இந்தக் குறும்படங்களில் பெரும்பாலானவை இரண்டு ரீல், இருபதிலிருந்து இருபத்தைந்து நிமிடம். மூன்று அல்லது நாலு படம் போதும், மொத்தம் ஒன்றரை மணி நேரத்துக்குள். அதற்கு மேல் போனால் சிரிப்பு களைத்துவிடும். கூட்டம் 'இன்னொன்று போடுங்க' என்று கேட்கும்போது நிறுத்துவதே நல்லது.

தொடக்கத்துக்கு சாப்ளினின் 'தி ரிங்க்' (1916). உணவக வேலையாள், அப்புறம் சக்கரக் காலணி மாட்டிச் சறுக்கும் தளம். கதை புரிய வேண்டிய அவசியமே இல்லை. உடல் வழுக்குகிறது, தொப்பி வழுக்குகிறது, பருமனான எரிக் கேம்ப்பெல் வழுக்குகிறார். பிள்ளைகள் முதல் ஐந்து நிமிடத்தில் வசப்பட்டுவிடுவார்கள்.

இரண்டாவதாக பஸ்டர் கீட்டனின் 'ஒன் வீக்' (1920). செட்டிநாட்டில் எதைக் காட்டாவிட்டாலும் இதைக் காட்டுங்கள். புதுமணத் தம்பதிக்குப் பெட்டி பெட்டியாகப் பிரித்து அனுப்பிய ஒரு வீடு பரிசாக வருகிறது. எண் போட்ட வரிசையில் பெட்டிகளைப் பிரித்துப் பொருத்தினால் வீடு தயார். பொறாமைக்காரன் ஒருவன் எண்களை மாற்றிவிடுகிறான். சுவர் கோணலாக நிற்கிறது, கதவு மாடியில் ஆகாயத்தைப் பார்த்துத் திறக்கிறது, புயலில் வீடே பம்பரம்போல் சுழல்கிறது. கடைசியில் வேறு மனைக்கு இழுத்துப் போகும்போது தண்டவாளத்தின் நடுவில் மாட்டிக்கொள்கிறது. ரயில் வருகிறது. கணவனும் மனைவியும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ரயில் பக்கத்துத் தண்டவாளத்தில் போய்விடுகிறது. அப்பாடா என்று கூட்டம் மூச்சு விடும். அதே நொடியில் எதிர்த்திசையிலிருந்து வரும் இன்னொரு ரயில் வீட்டைச் சுக்குநூறாக்கும். கட்டின வீட்டைக் காப்பாற்றவே ஆயுள் முழுக்கச் செலவழித்த செட்டியார்கள் அந்த இடத்தில் எப்படிச் சிரிக்கிறார்கள் என்பதை நேரில் பார்க்க வேண்டும். எங்கள் காட்சியில் ஒரு பெரியவர் தலையில் கை வைத்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வர, 'பட்டா யார் பேருல?' என்று கேட்டார்.

இடைவேளைக்குப் பிறகு 'தி இமிக்ரன்ட்' (1917). கப்பல் ஆடுகிற ஆட்டத்தில் சாப்பாட்டுத் தட்டு மேசையில் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் ஓடும். இரண்டாம் பாதி ஓர் உணவகத்தில். பத்து சென்ட் குறைவாகக் கொடுத்த ஒருவனை வேலையாட்கள் சேர்ந்து புடைக்கிறார்கள். அதைப் பார்த்த சாப்ளின் தன் பைக்குள் கை விடுகிறார், பையில் ஓட்டை, காசு இல்லை. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிய குடும்பங்கள் இங்கே நிறைய. மூத்தவர்கள் அமைதியாக ஆரம்பித்து, காசு தேடும் காட்சியில் பிள்ளைகளைவிடச் சத்தமாகச் சிரிப்பார்கள். இதை முதலில் போடக் கூடாது. கூட்டம் சூடான பிறகுதான் இதன் மென்மை பிடிபடும்.

கடைசியாக லாரல்–ஹார்டியின் 'பிக் பிசினஸ்' (1929). கிறிஸ்துமஸ் மரம் விற்க வந்த இருவரும் ஒரு வீட்டுக்காரரும் கோபித்துக்கொள்கிறார்கள். இவர்கள் அவர் வீட்டை உடைக்கிறார்கள், அவர் இவர்கள் வண்டியை உடைக்கிறார். இதில் கவனிக்க வேண்டியது அந்த நிதானம். ஒருவர் உடைக்கும்போது மற்றவர் தடுப்பதே இல்லை. தன் முறை வரும்வரை நின்று பார்க்கிறார். காவலர் ஒருவர் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டே இருக்கிறார். பங்காளிச் சண்டை பார்த்த எந்த ஊருக்கும் இது புரியும்.

எதைப் போடுவதானாலும் முழுவதுமாக முன்பே பார்த்துவிடுங்கள். 'ஈஸி ஸ்ட்ரீட்' (1917) அருமையான படம், ஆனால் போதை ஊசி போட்டுக்கொள்ளும் காட்சி உண்டு. கீட்டனின் 'தி பிளேஹவுஸ்' (1921) படத்தில் முகத்தில் கறுப்புப் பூசிக்கொண்டு கறுப்பின மக்களைப் போல் நடிக்கும் பகுதி இருக்கிறது. அந்தக் கால வழக்கம் என்று சொல்லிப் பிள்ளைகள் முன் கடந்துவிட முடியாது. 'ஒன் ஏ.எம்.' (1916) முழுக்கக் குடிபோதையை வைத்தே நகர்கிறது. இவற்றைப் பெரியவர்கள் மட்டும் இருக்கும் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

4. உரிமையும் அனுமதியும் காகிதங்களும்

இந்தியாவின் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்துக்கு உரிமைக்காலம், வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து அறுபது ஆண்டு. மேலே சொன்ன நாலு படங்களும் அந்தக் காலத்தைத் தாண்டி நெடுநாள் ஆகிறது. பொறி இசையில் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் பிரதிகளில் பிற்காலத்தில் சேர்த்த இசைக்குத் தனி உரிமை உண்டு. 'எ டாக்ஸ் லைஃப்', 'ஷோல்டர் ஆர்ம்ஸ்' ஆகிய 1918-ஆம் ஆண்டுப் படங்களுக்கு 1959-இல் சாப்ளினே இசையமைத்தார். அவர் இறந்தது 1977-இல். இசைக்கு ஆசிரியர் இறந்தபின் அறுபது ஆண்டு என்பதால் அந்த இசை இன்னும் உரிமைக்குள் இருக்கிறது. எளிய வழி: சாப்ளின் படமானால், மியூச்சுவல் நிறுவனத்துக்காக அவர் 1916–17-இல் எடுத்த பன்னிரண்டு குறும்படங்களிலிருந்து தேர்ந்தெடுங்கள், பிரதியின் ஒலியை முழுக்க அணைத்துவிடுங்கள், இசையை நீங்களே ஏற்பாடு செய்யுங்கள்.

அடுத்தது, யாருக்குக் காட்டுகிறீர்கள் என்பது. 1952-ஆம் ஆண்டு சினிமாட்டோகிராஃப் சட்டப்படி பொதுமக்களுக்குக் காட்டும் படத்துக்குத் தணிக்கைச் சான்றிதழ் வேண்டும். கட்டணம் வாங்கிப் பொது இடத்தில் திரையிடுவது 1955-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வரும், மாவட்ட ஆட்சியரிடம் உரிமம் கேட்க வேண்டியிருக்கும். ஆகவே சுவரொட்டி ஒட்டாதீர்கள், டிக்கெட் போடாதீர்கள், கோயில் திடலுக்கோ கடைத்தெருவுக்கோ கொண்டுபோகாதீர்கள். பெயர் சொல்லி அழைத்த சொந்தபந்தம், அக்கம்பக்கம், வீட்டுக்குள் திரையிடல் என்ற எல்லையில் நில்லுங்கள். அதற்கு மேல் ஆசை இருந்தால் வழக்கறிஞரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

ஒலிபெருக்கி வைப்பதானால் எழுத்து மூலம் அனுமதி வேண்டும். ஒலி மாசு விதிகள் (2000) இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கியைத் தடுக்கின்றன. குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45 என்பது வரம்பு. ஒன்பதேகாலுக்குள் முடிக்கச் சொன்னது இதனால்தான். காவல் நிலையத்துக்கு எடுத்துப்போக வேண்டியவை:

வெள்ளைத்தாளில் மனு, இரண்டு பிரதி. வீட்டு முகவரி, தேதி, தொடங்கும் நேரம், முடியும் நேரம், வருவோர் எண்ணிக்கை.
உங்கள் ஆதார் நகல்.
நடப்பு ஆண்டு வீட்டு வரி ரசீது நகல்.
பங்காளிகளின் சம்மதக் கடிதங்கள்.

ஒரு பிரதியில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் கையொப்பமும் வாங்காமல் வராதீர்கள். வாய்மொழியாக 'நடத்துங்க' என்று ஒருவர் சொல்வார், அன்று மாலை பணியில் வேறொருவர் இருப்பார். பத்து நாள் முன்னதாகக் கொடுங்கள். இடையில் ஒருமுறை போய்க் கேளுங்கள். மனுவில் 'சினிமா காட்சி' என்று மட்டும் எழுதினால் பெரிய திரையரங்கு வேலை என்று நினைத்து வேறு அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவார்கள். 'குடும்ப நிகழ்ச்சி, அழைக்கப்பட்டோருக்கு மட்டும், கட்டணம் இல்லை, பழைய ஊமைக் குறும்படங்கள்' என்று விளக்கமாக எழுதுங்கள்.

5. திரையும் புரொஜெக்டரும்

வெள்ளைச் சுவர் இருக்கிறதே என்று அதிலேயே அடித்துவிடலாமா என்று தோன்றும். வேண்டாம். முட்டை வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து மெருகேற்றிய நம் சுவர் கண்ணாடிபோல் மின்னும். விளக்கின் வெளிச்சம் நடுவில் பளீரென்று ஒரு வட்டமாகத் தெறிக்கும், சாப்ளின் முகம் அதற்குள் காணாமல் போகும். மெருகில்லாத தடித்த பருத்தித் துணி வாங்குங்கள், பெரிய கட்டில் விரிப்பு அகலத்தில். ஒட்டுப்போட்ட துணியில் தையல் நடுவில் தெரியும். எட்டடிக்கு ஆறடி போதும். மேலும் கீழும் குழாய் நுழையும்படி மடித்துத் தைக்கச் சொல்லி, இரண்டு தூணுக்கு நடுவே இழுத்துக் கட்டுங்கள். தூணில் ஆணி அடிக்கக் கூடாது, கயிறு மட்டும். மரத்தூணாக இருந்தால் கயிறு படுகிற இடத்தில் துணி சுற்றுங்கள்.

திரையின் கீழ்விளிம்பு தரையிலிருந்து நாலடி உயரத்தில் இருக்கட்டும். இந்தப் படங்களில் பாதி வேடிக்கை காலில் நடக்கிறது. முன்வரிசைத் தலைகள் காலை மறைத்தால் பின்வரிசை எதற்குச் சிரிப்பு என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும்.

அதே காரணத்துக்காக, படத்தின் வடிவத்தை மாற்றாதீர்கள். ஊமைப் படம் நாலுக்கு மூன்று என்ற அளவில் எடுத்தது. புரொஜெக்டரில் அகலத் திரைக்கு இழுக்கும் அமைப்பு இருந்தால் ஹார்டி இன்னும் குண்டாவார், கீட்டன் குட்டையாவார். பெரிதாக்கி நிரப்பும் அமைப்பு இருந்தால் தொப்பியும் காலணியும் வெட்டுப்படும். இரண்டையும் அணைத்து, 'நாலு மூன்று' என்று வையுங்கள். இரண்டு பக்கமும் கறுப்பாக இருப்பதில் குற்றமில்லை. வாடகைக் கடைகளில் பழைய நாலு மூன்று புரொஜெக்டர் மூலையில் கிடக்கும். அதைக் கேட்டு வாங்குங்கள், வாடகையும் குறைவு. மூவாயிரம் லூமென் வெளிச்சம் இருந்தால் போதுமானது. எட்டடி அகலப் படத்துக்கு அந்த வகைப் புரொஜெக்டர் சுமார் பன்னிரண்டடி தள்ளி நிற்க வேண்டும். அகலத்திரை வகையானால் பதினாறடி. முந்தின நாளே டேப் வைத்து அளந்து, ஒளி தூணில் இடிக்கிறதா என்று பாருங்கள். பனிக்காலத்தில் புரொஜெக்டர் கூரைக்குக் கீழே இருக்கட்டும்.

ஆத்தங்குடிக் கல் தரையும் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். திரைக்கு முன்னால் முழுக்க ஜமுக்காளம் விரித்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை, உட்காரவும் ஆயிற்று.

மின்சாரம்: பழைய வீட்டு வயரிங்கை நம்பாதீர்கள். வயர்மேன் ஒருவரை வரவழைத்து எர்த் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். புரொஜெக்டருக்கு முந்நூறு வாட் அளவில்தான் ஆகும், வீட்டு இன்வெர்ட்டர் தாங்கும். படத்தை இணையத்திலிருந்து நேரடியாக ஓட்டாதீர்கள். இன்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற இடத்திலிருந்து இறக்கி இரண்டு பென்டிரைவில் வையுங்கள்.

6. வேகம் சரியா?

பல ஊமைப் படங்களை விநாடிக்குச் சுமார் 16 முதல் 20 படச்சட்டம் வரை எடுத்தார்கள். அவற்றை 24-இல் ஓட்டும் மோசமான பிரதிகள் நிறைய. எல்லோரும் எறும்பு மிதித்தவர்போல் ஓடுவார்கள். சிரிப்புப் படம் கொஞ்சம் விரைவாக ஓடுவது அந்தக் காலத்திலேயே வேண்டுமென்று செய்ததுதான், ஆனால் அளவு உண்டு. யாராவது சாதாரணமாகக் கதவு திறந்து நடந்து வரும் காட்சியைப் பாருங்கள். அது ஓட்டமாகத் தெரிந்தால் விஎல்சி என்ற படம் ஓட்டும் செயலியில் வேகத்தை 0.85 அளவுக்குக் குறைத்துப் பாருங்கள். விழுவதற்கு முன் நடிகர் ஒரு கணம் தயங்குவது கண்ணுக்குத் தெரிகிற வேகமே சரியான வேகம். ஒவ்வொரு படத்துக்கும் தனித்தனியாகக் குறித்து வையுங்கள்.

7. இசையும் படிப்பவரும்

கச்சேரிக் குழுவில் கீபோர்டு வாசிக்கும் ஒருவர் போதும். தாளம் போடத் தெரிந்த இன்னொருவர் கிடைத்தால் நன்று. தவில் நாலு பக்கமும் சுவர் உள்ள வளவுக்குள் காதைப் பிளக்கும், வேண்டாம். படங்களை ஒரு வாரம் முன்பே அவரிடம் கொடுத்து ஒரு விஷயத்தை மட்டும் சொல்லுங்கள்: ஒவ்வொரு விழுகைக்கும் 'டமால்' போட வேண்டாம். விழுவதற்கு முன் நிறுத்தச் சொல்லுங்கள். அந்த நிசப்தத்தில்தான் கூட்டம் வெடிக்கும்.

நடுவில் வரும் ஆங்கில எழுத்து அட்டைகளைத் தமிழில் படிக்க ஒருவர் வேண்டும். குரல் கணீரென்று இருக்கும் அத்தை, சித்தப்பா யாராவது போதும். அட்டையில் இருப்பதை மட்டும் படிக்கட்டும். 'இப்போ பாருங்க, விழுவான்' என்று முந்திச் சொல்கிறவர் இந்த வேலைக்கு ஆகமாட்டார்.

8. செலவு

எங்கள் பக்கத்து வாடகையை வைத்துச் சொல்கிறேன், ஊருக்கு ஊர் மாறும். புரொஜெக்டர் ஒரு நாளுக்கு ஆயிரத்து ஐந்நூறிலிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு. சிறிய ஒலிபெருக்கியும் மைக்கும் ஆயிரம். திரைத்துணியும் தையலும் ஆயிரத்து இருநூறு அளவில், அடுத்த முறைக்கும் ஆகும். கீபோர்டுக்காரருக்கு இரண்டாயிரத்துக்குக் குறையாமல் கொடுங்கள். ஒன்றரை மணி நேரம் விடாமல் வாசிப்பது லேசான வேலை இல்லை. வயர்மேனுக்கு ஐந்நூறு. இடைவேளைக்கு வெள்ளைப் பணியாரமும் காரச்சட்னியும் காப்பியும், ஐம்பது பேருக்கு மூவாயிரம் வரை. ஆக பத்தாயிரத்துச் சொச்சம் கையில் இருந்தால் தைரியமாக இறங்கலாம்.

புள்ளிக்கு (கல்யாணமான ஒரு குடும்பத்துக்கு) இவ்வளவு என்று முன்கூட்டியே வீட்டாருக்குள் பகிர்ந்துகொள்ளுங்கள். வாசலில் உண்டியலோ ரசீதுப் புத்தகமோ வைக்காதீர்கள், அது கட்டணம் என்று அர்த்தமாகிவிடும். புரொஜெக்டருக்கு முன்பணம் கேட்பார்கள். ரசீதில் கருவியின் வரிசை எண்ணையும் விளக்கு எரிந்த மணிக்கணக்கையும் எழுதி வாங்குங்கள். திருப்பிக் கொடுக்கும்போது 'விளக்கு போயிடுச்சு' என்ற பேச்சு வராது.

9. அன்று மாலை

நாலு மணிக்குத் திரை, ஐந்துக்கு ஒலி, ஆறுக்கு ஒரு படத்தின் முதல் இரண்டு நிமிடம் ஓட்டிப் பாருங்கள். பிள்ளைகளை முன்னால், முழங்கால் வலி உள்ள ஆச்சிமாரைப் பட்டாலை ஓரத்தில் நாற்காலியில் உட்கார வையுங்கள். பிள்ளைகளின் சிரிப்பு காதில் விழுகிற தூரத்தில் பெரியவர்கள் இருப்பது முக்கியம், தனியாகப் பின்னால் ஒதுக்கிவிடாதீர்கள். தொடங்கும் முன் உரை வேண்டாம். படத்தின் பெயரையும் ஆண்டையும் மட்டும் சொல்லிவிட்டு விளக்கை அணையுங்கள்.

முதல் படத்தில் சிரிப்பு வர மூன்று நாலு நிமிடம் ஆகலாம். பதறி வேறு படத்துக்கு மாறாதீர்கள். ஊமைப் படம் பார்த்துப் பழகாத கண் முதலில் வசனத்தைத் தேடும், அப்புறம்தான் உடலைப் பார்க்கத் தொடங்கும்.

முடிந்ததும் புரொஜெக்டரின் விசிறி நிற்கும் வரை பிளக்கைப் பிடுங்காதீர்கள், சூட்டில் விளக்கு கெட்டுப்போகலாம். கயிறு அவிழ்த்தபின் தூண்களை ஒருமுறை டார்ச் அடித்துப் பாருங்கள். ஜமுக்காளத்தை மறுநாள் வெயிலில் காயப்போட்டு எண்ணி ஒப்படையுங்கள். சாவியைத் திருப்பிக் கொடுக்கும்போதே அடுத்த பிள்ளையார் நோன்புக்கும் வீடு வேண்டும் என்று சொல்லி வைத்துவிடுங்கள்.